வைத்தியமும் குலுக்குச் சீட்டும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம் வைத்திய இன்ஷ்யூரன்ஸ் என்பதாகும். அதாவது, நாமே மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டியோ அல்லது சர்க்கார் நமக்காகக் கட்டியோ, நோய் வந்த காலத்தில் டாக்டருக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு நம் தலையில் விழாதபடி செய்துகொள்ளும் ஏற்பாடு. இந்த ஏற்பாடு எல்லோருக்கும் இல்லாமல் சிலருக்கு மாத்திரம் இருந்தால், இல்லாதவர்களின் கதி என்ன? அவர்கள் நோய் வந்தால் எங்கே போகிறார்கள், எதற்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள்? இதுதான் இன்றைய கேள்வி.

நாம் டாக்டரும் அல்ல. காலேஜ் படிப்புப் படித்தவர்களும் அல்ல. கிடைத்த புஸ்தகங்களையும் அறிக்கைகளையும் தட்டுத் தடுமாறிப் படித்து, கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறோம். ஆகையால் நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்ளவில்லை. கேளுங்கள், யோசியுங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். ஏழைகள் நோய் வந்தும் டாக்டரிடம் போகாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் வெகு காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. ஒன்று, "அவனுக்கு அறிவில்லை, உடம்பைப் பற்றி அக்கறையில்லை, எல்லாம் தலைவிதி என்று கிடக்கிறான்" என்பது. மற்றொன்று, "அவனுக்கு வைத்தியம் தேவையே இல்லை, உழைத்து உரமேறிய உடம்பு, இலவசமாகக் கொடுத்தால்தான் வேண்டாததற்கெல்லாம் வந்து நிற்பான்" என்பது. இப்படிச் சொல்லுகிறவர்கள் யாரென்று பார்த்தால், பெரும்பாலும் தமக்கு ஒரு தும்மல் வந்தாலும் டாக்டரை வீட்டுக்கே வரவழைக்கக் கூடியவர்களாக இருப்பார்கள். ஒரே மனிதனை ஒரே வாயால் அக்கறையில்லாதவன் என்றும், இலவசம் என்றால் ஓடிவருகிறவன் என்றும் சொல்லுவது எப்படிப் பொருந்தும் என்று இவர்கள் யோசிப்பதில்லை.

நாம் சொல்லுகிறோம், அவன் போகாததற்குக் காரணம் மடியில் காசு இல்லாததுதான் என்று. ஆனால் நாம் சொல்லிவிட்டால் போதுமா? ருஜுப்படுத்த வேண்டாமா? அவர்கள் சொல்லுவதும் வாய்ச்சொல், நாம் சொல்லுவதும் வாய்ச்சொல் என்றால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இன்ஷ்யூரன்ஸ் உள்ள 1,000 பேரையும் இல்லாத 1,000 பேரையும் எடுத்து, யார் அதிகமாக டாக்டரிடம் போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அது சரியான பரீட்சை ஆகாது. ஏனென்றால், இன்ஷ்யூரன்ஸ் உள்ளவன் பெரும்பாலும் நல்ல உத்தியோகத்தில் இருப்பவன், நாலு எழுத்துப் படித்தவன், வேளைக்குச் சாப்பிடுகிறவன். அல்லது, ஏற்கனவே நோய் இருப்பது தெரிந்து, அதற்காகவே இன்ஷ்யூரன்ஸ் தேடிப் போனவன். இப்படி வேறு வேறு வகைப்பட்டவர்களை ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசத்துக்கெல்லாம் இன்ஷ்யூரன்ஸ்தான் காரணம் என்று சொன்னால், நஞ்சை நிலத்தையும் மேட்டு நிலத்தையும் ஒப்பிட்டுவிட்டு விளைச்சலுக்கெல்லாம் எருதான் காரணம் என்று சொல்லுவது போலாகும். ஒரே மாதிரியான நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எருவிட்டு, மறு பாதிக்கு விடாமல் பார்த்தால் அல்லவா உண்மை தெரியும்?

மனிதர்களை அப்படிப் பிரிக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அமெரிக்காவில் ஓரிகன் என்னும் மாகாணத்தில் 2008ம் வருஷத்தில், யாரும் பரீட்சை செய்யவேண்டுமென்று உத்தேசிக்காமலே அப்படிப்பட்ட பிரிவினை நடந்தது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது.

அமெரிக்கா பணக்கார தேசமாயிற்றே, அங்கே வைத்தியத்துக்கு என்ன குறைவு என்பீர்கள். அங்கே வைத்தியத்துக்குக் குறைவில்லை. வைத்தியம் எட்டாத மக்களுக்கும் குறைவில்லை. அந்த நாட்டில் வேலை செய்யும் வயதிலுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் முதலாளியின் மூலமாகத்தான் இன்ஷ்யூரன்ஸ் கிடைக்கிறது. 1965ல் சர்க்கார் இரண்டு திட்டங்களைச் சட்டமாக்கிற்று. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மெடிக்கேர் என்று ஒன்று. ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்று ஒன்று. ஆனால் அப்பொழுது ஏழையாக இருந்தால் மாத்திரம் மெடிக்கெய்ட் கிடைத்துவிடவில்லை. குழந்தையாகவோ, கர்ப்ப ஸ்திரீயாகவோ, சிறு பிள்ளைகளைப் பெற்ற பரம ஏழையாகவோ, அங்கஹீனராகவோ இருக்கவேண்டியிருந்தது. கைகால் நன்றாயிருக்கும், பிள்ளை இல்லாத, கூலி குறைந்த ஒருவனுக்குப் பெரும்பாலான மாகாணங்களில் அந்தக் காலத்தில் கதவு சாத்தியே இருந்தது. 2008ல் அந்தத் தேசத்தில் எவ்வித வைத்திய இன்ஷ்யூரன்ஸும் இல்லாதவர்கள் 4 கோடிக்கு மேற்பட்டவர்கள்.

அவர்களுக்கு நோய் வந்தால் என்ன செய்வது? 1986ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி, அவசர சிகிச்சைப் பகுதி வைத்திருந்து மெடிக்கேர் பணம் வாங்கும் எந்த ஆஸ்பத்திரியும், வந்தவனிடம் பணம் இருக்கிறதா இல்லையா என்று பாராமல் பரிசோதித்து, அபாயம் நீங்கும்வரையில் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல சட்டந்தான். ஆனால் பார்த்துக்கொண்ட பிறகு பில் அனுப்பக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. மயங்கி விழுந்தவனைத் தூக்கி உட்காரவைக்கும்படி சொல்லுகிறதே தவிர, அவன் மறுநாள் முதல் தினந்தோறும் சாப்பிடவேண்டிய மாத்திரையைக் கொடுக்கும்படி சொல்லவில்லை. ரத்தக்கொதிப்பு இருக்கிறவனுக்கு மாத்திரை இல்லை. கொதிப்பு முற்றிப் பக்கவாதம் வந்து விழுந்தால் ஆஸ்பத்திரி உண்டு, பிறகு கடனும் உண்டு. இதுதான் அங்கே இன்ஷ்யூரன்ஸ் இல்லாதவனின் வைத்தியம்.

நிற்க, ஓரிகன் சங்கதிக்கு வருவோம். அந்த மாகாணத்தில், மெடிக்கெய்டில் சேர முடியாத ஏழைகளுக்கென்று தனியாக ஒரு திட்டம் இருந்தது. 19 வயது முதல் 64 வயது வரையில் உள்ள, ஏழ்மைக் கோட்டுக்குக் கீழ்ப்பட்ட வருமானமுள்ளவர்கள் அதில் சேரலாம். மாதம் 0 முதல் 20 டாலர் வரையில் கட்டினால் போதும். டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. கண்ணுக்குக் கிடையாது, அவசரமில்லாத பல் வைத்தியமும் கிடையாது. 2002ல் இதில் ஏறத்தாழ 1,10,000 பேர் இருந்தார்கள். பிறகு பணமில்லை என்று சர்க்கார் 2004ல் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. ஆட்கள் குறைந்துகொண்டே வந்து 2008 தொடக்கத்தில் சுமார் 19,000 பேர்தான் மிஞ்சினார்கள். அப்பொழுது கணக்குப் பார்த்ததில் இன்னும் 10,000 பேரைச் சேர்க்கப் பணம் இருப்பதாகத் தெரிந்தது. பேர் கொடுக்க 5 வாரம் தவணை கொடுத்தார்கள். எத்தனை பேர் கொடுத்தார்கள் தெரியுமா? ஏறத்தாழ 90,000 பேர்!

தோழர்களே! ஏழைக்கு உடம்பைப் பற்றி அக்கறையில்லை என்ற கூற்று அந்த 5 வாரத்திலேயே அடிபட்டுப் போய்விட்டது. 10,000 இடத்துக்கு 90,000 பேர் முட்டி மோதிக்கொண்டு வருவது அக்கறையில்லாதவர்கள் செய்கிற காரியமா?

இத்தனை பேரில் யாருக்குக் கொடுப்பது? சிபாரிசுக்காரனுக்கா, முதலில் வந்தவனுக்கா என்ற வம்பே வேண்டாம் என்று, சர்க்கார் சீட்டுக் குலுக்கிற்று. 2008 மார்ச் முதல் செப்டம்பர் வரையில் 8 தடவை குலுக்கினார்கள். சீட்டு விழுந்தவர்கள் சுமார் 35,000 பேர். அவர்கள் மனுப் போட்டு, தகுதி இருந்தால் சேர்ந்துகொள்ளலாம்.

இதைக் கேட்டால் நம் ஊரில் சிலர், "சீட்டு விழுந்தது அவனவன் அதிர்ஷ்டம், விழாதது அவனவன் தலையெழுத்து" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். யாருக்கு என்பதைத்தான் சீட்டு தீர்மானித்தது. எத்தனை பேருக்கு என்பதைத் தீர்மானித்தது சீட்டா? வரவு செலவு போட்ட மனிதர்கள் அல்லவா? பந்தியில் 10 இலை போட்டுவிட்டு 90 பேரை வாசலில் நிறுத்தி, உள்ளே போனவன் அதிர்ஷ்டசாலி என்றால், பட்டினியோடு திரும்புகிறவன் தன் தலையெழுத்தையா நொந்துகொள்ள வேண்டும்? இலை போட்டவனை அல்லவா கேட்கவேண்டும்?

ஆனாலும் அந்தச் சீட்டினால் ஒரு நன்மை விளைந்தது. சீட்டு விழுந்தவர்களும் விழாதவர்களும் ஒரே மாதிரியான மக்கள். ஒரே ஏழ்மை, ஒரே மாதிரி வயது, ஒரே மாதிரி நோய். குலுக்கலைத் தவிர அவர்களுக்குள் வேறு பேதம் இல்லை. முன்னே சொன்னோமே, ஒரே நிலத்தை இரண்டாகப் பிரிப்பது என்று, அது இதுதான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஏமி ஃபிங்கெல்ஸ்டீன், அப்பொழுது ஹார்வர்டு சர்வகலாசாலையில் இருந்த கேத்தரின் பெய்க்கர் என்னும் இரண்டு பெண் ஆராய்ச்சிக்காரர்களின் தலைமையில் ஒரு கூட்டத்தார் இந்த இரண்டு பிரிவையும் பின்தொடர்ந்து போய்க் கணக்கெடுத்தார்கள்.

முதல் வருஷத்தின் கணக்கைக் கேளுங்கள். சீட்டினால் இன்ஷ்யூரன்ஸ் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட டாக்டரிடம் போய்வந்தது நூற்றுக்கு 35 பங்கு அதிகம். ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் செய்துகொண்டது நூற்றுக்கு 30 பங்கு அதிகம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டது நூற்றுக்கு 15 பங்கு அதிகம். பெண்கள் மார்புப் புற்றுநோய் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்துக்கொண்டது நூற்றுக்கு 60 பங்கு அதிகம். ரத்தத்தில் கொழுப்பைச் சோதித்துக்கொண்டது நூற்றுக்கு 20 பங்கு அதிகம்.

இதற்கு அர்த்தம் என்ன? சீட்டு விழுந்தவனுக்கு ஒரே இரவில் புதிய அறிவு வந்துவிட்டதா? அல்லது சீட்டு விழுந்த அன்றுமுதல் புதிய நோய் வந்துவிட்டதா? அறிவும் அதேதான், நோயும் அதேதான். மாறியது ஒன்றே ஒன்று: டாக்டர் வாசலில் கேட்கும் காசு. அப்படியானால், சீட்டு விழாதவன் போகாமல் இருந்ததற்குக் காரணமும் அந்தக் காசுதான் என்பதில் இனி என்ன சந்தேகம்?

இங்கேதான் இரண்டாவது கட்சிக்காரர் எழுந்திருப்பார். "பார்த்தீரா, இலவசமென்றதும் கூட்டம் கூடிவிட்டது, நாங்கள் சொன்னது சரியாய்ப் போயிற்று" என்பார். நாம் கேட்கிறோம், கத்தியால் அறுத்துக்கொள்ளவும் ஊசி குத்திக்கொள்ளவும் இலவசம் என்பதற்காக ஒருவன் போய்ப் படுப்பானா? இலவசம் என்பதற்காக ஒரு பெண் தன் மார்பைப் படம் எடுத்துக்கொள்ளப் போவாளா? இலவசமாகக் கிடைத்தால் இரண்டு ஜாங்கிரி அதிகம் தின்பவன் உண்டு. ஆனால் இரண்டு ஆப்பரேஷன் அதிகம் செய்துகொள்ளுகிறவன் உண்டா? அதிகமானவை எவை என்று பார்த்தால், பெரும்பகுதி முன்னமே செய்துகொண்டிருக்க வேண்டிய காரியங்கள்.

ஆனால் நமக்கு அனுகூலமான கணக்கை மாத்திரம் சொல்லிவிட்டுப் போவது யோக்கியமான காரியமாகாது. அப்படிச் செய்தால் புராணம் படிக்கிறவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே, பிரதிகூலமாக வந்த இரண்டு சங்கதிகளையும் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று: எல்லோருக்கும் இன்ஷ்யூரன்ஸ் வேண்டும் என்று வாதாடியவர்களில் பலர், "ஏழைகளுக்கு டாக்டர் கிடைத்துவிட்டால் அவர்கள் அவசர சிகிச்சைப் பகுதியில் போய்க் குவிய மாட்டார்கள், அதனால் செலவுகூடக் குறையும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓரிகன் கணக்கு 2014ல் வெளிவந்தபோது நேர் எதிராக வந்தது. 18 மாதத்தில் இன்ஷ்யூரன்ஸ் பெற்றவர்கள் அவசரப் பகுதிக்குப் போனது நூற்றுக்கு 40 பங்கு அதிகம்! சாதாரண டாக்டரே பார்க்கக்கூடிய நோய்களுக்கும் அங்கே அதிகமாகப் போனார்கள். இதில் ஆச்சரியம் என்ன? பில்லுக்குப் பயந்து அந்தக் கதவையும் தட்டாமல் இருந்தவர்கள், பயம் தீர்ந்ததும் தட்டினார்கள். எல்லாக் கதவும் ஒரே சமயத்தில் திறந்தால் எல்லாக் கதவிலும் கூட்டம் வரத்தானே செய்யும்? இன்ஷ்யூரன்ஸ் கொடுத்தால் செலவு மிச்சமாகும் என்று சொல்லி ஆசை காட்டுவது பொய். செலவு ஆகும். மனிதனுக்கு வைத்தியம் வேண்டும் என்பதற்காகச் செலவழிக்க வேண்டுமே தவிர, மிச்சம் பிடிக்கலாம் என்பதற்காக அல்ல.

மற்றொன்று: போர்ட்லண்டு நகரைச் சுற்றிலும் 12,000 பேருக்கு மேல் நேரில் அழைத்து, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் அளந்து பார்த்தார்கள். 2013ல் அந்த முடிவு வெளியாயிற்று. சீட்டு விழுந்து ஏறத்தாழ 2 வருஷம் ஆன பின்னும், இந்த மூன்றிலும் கணக்காக நிரூபிக்கக்கூடிய அபிவிருத்தி தென்படவில்லை. சர்க்கரை வியாதி இருப்பது அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது, அதற்கு மருந்து சாப்பிட்டவர்களும் அதிகமானார்கள். ஆனால் ரத்தத்தில் சர்க்கரையின் அளவு குறைந்ததாக ருஜுவாகவில்லை. இன்ஷ்யூரன்ஸ் வேண்டாம் என்கிற கட்சிக்காரர்கள் இதைத் தூக்கி வைத்துக்கொண்டு கூத்தாடினார்கள்.

ஆனால் அதே அறிக்கையின் மறு பக்கத்தையும் படிக்க வேண்டுமல்லவா? மனச்சோர்வு என்னும் நோய் நூற்றுக்கு 30 பங்கு குறைந்திருந்தது. வைத்தியச் செலவினால் குடும்பம் அடியோடு முழுகிப்போவது, அதாவது வருமானத்தில் நூற்றுக்கு 30க்கு மேல் வைத்தியத்துக்கே போய்விடுவது, ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. முதல் வருஷக் கணக்கிலேயே, வைத்தியத்துக்காகக் கடன் வாங்குவதும், மற்றச் செலவை நிறுத்தி வைத்தியத்துக்குக் கொடுப்பதும் நூற்றுக்கு 40 பங்கு குறைந்திருந்தது. ராத்திரியில் தூக்கம் வராமல் கடனை எண்ணிப் புரண்டவனுக்குத் தூக்கம் வந்தது என்றால், அது வைத்தியம் அல்லாமல் வேறு என்ன?

சரி, உயிர் பிழைத்ததா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உயிர்ச் சேதம் என்பது வருஷத்தில் ஆயிரத்துக்குச் சில பேருக்கு வருவது. அந்த வித்தியாசத்தைக் கணக்காகக் காண ஓரிகனில் இருந்த ஆட்கள் போதாது. அதற்கு லட்சக்கணக்கான ஜனங்கள் வேண்டும். அந்தச் சந்தர்ப்பமும் அமெரிக்காவிலேயே வாய்த்தது. 2014 முதல் இன்ஷ்யூரன்ஸ் இல்லாதவர்கள் வரியோடு அபராதம் கட்டவேண்டும் என்று சட்டம் இருந்தது. வரி இலாகா, அப்படி அபராதம் கட்டிய 39 லட்சம் குடும்பங்களுக்கு, இன்ஷ்யூரன்ஸில் சேர இன்னின்ன வழி இருக்கிறது என்று ஒரு கடிதம் அனுப்பிற்று. எல்லோருக்கும் அனுப்பப் பணம் போதாததால் சிலரைக் குலுக்கல் முறையில் விட்டுவிட்டார்கள். கடிதம் போனவர்களில் 45 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், 1,648 கடிதத்துக்கு ஒரு சாவு வீதம் 2 வருஷத்தில் குறைந்திருந்தது. இது 2021ல் பிரசுரமாயிற்று. தோழர்களே! மருந்துகூட அல்ல, ஒரு காகிதம். இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது, வந்து சேர்ந்துகொள் என்று சொன்ன காகிதம். அதற்கே இத்தனை பலன்.

காகிதம் உயிரைக் காப்பாற்றும் என்றால், காகிதம் உயிரைத் தடுக்கவும் செய்யும். ஓரிகனில் சீட்டு விழுந்த 35,000 பேரில் கடைசியாக இன்ஷ்யூரன்ஸ் பெற்றவர்கள் நூற்றுக்கு 30 பேர்தான். மனுவை 45 நாளைக்குள் பூர்த்தி செய்து, வருமானத்துக்கு ருஜு வைத்து அனுப்பவேண்டும். பலர் அனுப்பவே இல்லை. அனுப்பியவர்களில் பாதிப் பேர் தகுதியில்லை என்று தள்ளப்பட்டார்கள்.

ஆர்கன்சா என்னும் மாகாணத்தில் 2018ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மெடிக்கெய்ட் வேண்டுமானால் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாக மாதாமாதம் தெரிவிக்கவேண்டும் என்றார்கள். சில மாதத்துக்குள் 18,000 பேருக்கு மேல் இன்ஷ்யூரன்ஸ் போயிற்று. ஆராய்ந்து பார்த்ததில் வேலை செய்கிறவர்களின் தொகை கூடவில்லை. பெரும்பாலோர் முன்னமே வேலை செய்துகொண்டோ, விலக்குப் பெறும் தகுதியோடோ இருந்தவர்கள். 2019 மார்ச்சில் கோர்ட்டு அதை நிறுத்திற்று. அப்படியிருந்தும் 2025 ஜூலையில் இதே நிபந்தனையைத் தேசம் முழுவதற்கும் 2027 ஜனவரிக்குள் கொண்டுவரும்படி சட்டம் செய்திருக்கிறார்கள். கதவைச் சாத்தினால் ஊர் பேசும். கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் பத்துப் படிவத்தைப் போட்டுவிட்டால், வராதவன் மேல் பழியைப் போட்டுவிடலாம் அல்லவா?

அரைகுறை இன்ஷ்யூரன்ஸ் இன்னொரு விதத்திலும் வரும். இன்ஷ்யூரன்ஸ் உண்டு, ஆனால் முதல் இத்தனை டாலர் உன் கையிலிருந்து போடவேண்டும் என்பது. இதையும் 1974 முதல் 1982 வரையில் ராண்ட் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் பரீட்சித்துப் பார்த்தது. சில குடும்பங்களுக்கு முழு இலவசம். மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பங்கு அவர்கள் பொறுப்பு. கைப்பணம் போடவேண்டியவர்கள் வைத்தியத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் எதைக் குறைத்தார்கள்? வேண்டாததை மாத்திரமா? வேண்டியதையும் வேண்டாததையும் சேர்த்தே குறைத்தார்கள். நடுத்தரமான உடம்பும் வசதியும் உள்ளவர்களுக்கு இதனால் பெரிய கெடுதி வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் ரத்தக்கொதிப்புள்ள ஏழைகளுக்குக் கெடுதி வந்தது. இலவசமாகப் பார்க்கப்பட்ட ஏழைகளுக்குக் கொதிப்பு அதிகமாகத் தணிந்திருந்தது. கைப்பணம் என்கிற வேலி பணக்காரனுக்கு முழங்கால் உயரம், ஏழைக்குக் கழுத்து உயரம். உயரம் ஒன்றுதான், நிற்கிற இடம் வேறு.

ஓரிகன் கதை அப்புறம் என்னவாயிற்று என்று சொல்லி முடிக்கிறோம். 2010ல் அமெரிக்காவில் ஒரு பெரிய சட்டம் வந்தது. அதன்படி ஏழைகள் எல்லோரையும், பிள்ளை உண்டா இல்லையா என்று பாராமல், மெடிக்கெய்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2012ல் சுப்ரீம் கோர்ட்டு, சேர்ப்பதும் சேர்க்காததும் அந்தந்த மாகாணத்தின் இஷ்டம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஓரிகன் 2014 ஜனவரி முதல் கதவைத் திறந்தது. 2008ல் 10,000 பேருக்கு மேல் இடமில்லை என்று குலுக்கிய அதே மாகாணத்தில், தகுதியுள்ளவர்களுக்குச் சீட்டே தேவையில்லாமல் போயிற்று. டெக்சஸ், புளோரிடா முதலிய 10 மாகாணங்கள் 2024 முடிவுவரையில் திறக்கவில்லை. 2023ல் அந்தத் தேசத்தில் இன்ஷ்யூரன்ஸ் இல்லாதவர்கள் சுமார் 2 கோடி 60 லட்சம் பேர். 2008ஐவிடக் குறைவுதான், குறைந்தது யாருடைய கிரகபலனாலும் அல்ல, சட்டத்தினால். மிஞ்சியிருப்பதும் அப்படியே, சட்டத்தின் குறைவினால்.

நமக்கு இதில் என்ன பாடம் என்று கேட்பீர்கள். நம் தமிழ்நாட்டில் 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் பெயரால் விரிவான காப்பீட்டுத் திட்டம் நடந்து வருகிறது. இந்த அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்துகொள்ளும் பெரிய சிகிச்சைக்குத்தான். தினசரி மாத்திரைக்கு சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 முதல் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவரும் திட்டமும் இருக்கிறது. ஆப்பரேஷனுக்கு அட்டை இருக்கிறதென்று சந்தோஷப்படுகிறவர்கள், ஆப்பரேஷன் வராமல் தடுக்கும் மாத்திரை ஒழுங்காக வருகிறதா என்று கேட்க மறந்துவிடக்கூடாது.

ஆகவே தோழர்களே! யாராவது உங்களிடம் வந்து, வைத்திய இன்ஷ்யூரன்ஸ் தருகிறோம் என்று சொன்னால், அது சர்க்காரானாலும் சரி, கம்பெனியானாலும் சரி, நாலு கேள்வி கேளுங்கள். இதில் சேர முடியாதவர் யார்? இதில் சேராத நோய் எது? முதலில் என் கையிலிருந்து போடவேண்டியது எவ்வளவு? இதைப் பெற எத்தனை காகிதம், எத்தனை நடை? எங்கே எல்லை போட்டிருக்கிறதோ அங்கேதான் நோயாளி நின்றுபோவான். டாக்டருக்கு எல்லை போட்டால் டாக்டரிடம் போகமாட்டான். மருந்துக்கு எல்லை போட்டால் மருந்தை விட்டுவிடுவான். ஆளுக்கு எல்லை போட்டால், விழுந்த பிறகுதான் வருவான்.

அப்படி வராமல் போனவனைப் பார்த்து இனிமேல் யாரும் அக்கறையில்லாதவன் என்றோ, தலைவிதி என்றோ சொல்லவேண்டாம். நீங்களும் உங்களைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டாம். 10,000 இடத்துக்கு 90,000 பேர் வந்தார்கள் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். இடம் எத்தனை என்று தீர்மானிக்கிறவர்கள் மனிதர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள் நீங்கள். அவர்கள் அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வரும்போது, எத்தனை இலை போடப் போகிறாய் என்று கேளுங்கள்.